பேட்டிங் அணியின் குறுக்கீடு: பேஸ்பால் அம்பயர்கள் எதைப் பார்க்கிறார்கள், யாரை அவுட் ஆக்குகிறார்கள்? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிரிக்கெட் பார்த்துப் பழகியவர்களுக்கு பேஸ்பாலில் அடியும் ஓட்டமும் சீக்கிரமே பிடிபட்டுவிடும். கடைசியாகப் பிடிபடுவது குறுக்கீடு. கிரிக்கெட்டில் ஒருவர் ஃபீல்டிங்கைத் தடுத்ததற்காக அவுட் ஆவது அபூர்வம். 2006-இல் பெஷாவரில் இந்தியாவுக்கு எதிரான ஒருநாள் ஆட்டத்தில் இன்சமாம் உல் ஹக் அப்படி அவுட் ஆனது இன்றும் பேசப்படுவதே அதற்குச் சான்று. பேஸ்பாலில் நிலைமை வேறு. ஓடுகிறவர்கள் செல்லும் வழியும் பந்தை எடுக்கிறவர்கள் நிற்கும் இடமும் ஒன்றாகவே இருப்பதால், உரசல் அந்த ஆட்டத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. கீழே உள்ள பதில்கள் அமெரிக்க மேஜர் லீக் பேஸ்பாலின் அதிகாரபூர்வ விதிகளை ஒட்டியவை. பள்ளி, கல்லூரி ஆட்டங்களின் விதிகள் சில இடங்களில் மாறுபடும்.

குறுக்கீடு என்று விதி எதைச் சொல்கிறது?

பந்தைப் பிடிக்கவோ, எடுக்கவோ, எறியவோ முயலும் ஃபீல்டரை, பேட்டிங் அணியைச் சேர்ந்த யாராவது இடையூறு செய்தாலும், மறித்தாலும், குழப்பினாலும் அது குறுக்கீடு. "யாராவது" என்ற சொல் இங்கே முக்கியமானது. பேட்டர், பேஸ்களில் (ஓட்டம் எடுக்க வரிசையாகத் தொட வேண்டிய இடங்களில்) நிற்கும் ரன்னர்கள், சற்றுமுன் அவுட் ஆனவர், சற்றுமுன் ஓட்டம் எடுத்து முடித்தவர், முதல் பேஸ் அருகிலும் மூன்றாம் பேஸ் அருகிலும் நிற்கும் பயிற்சியாளர்கள், அடுத்து ஆட மட்டையுடன் காத்திருப்பவர், டக்அவுட்டில் (அணியினரின் இருக்கைப் பகுதியில்) உட்கார்ந்திருப்பவர்கள் என அத்தனை பேரும் அதில் அடக்கம்.

இதற்கு நேர் எதிரானது வழிமறிப்பு. கையில் பந்து இல்லாமலும் பந்தை எடுக்கும் முயற்சியில் இல்லாமலும் இருக்கும் ஃபீல்டர், ஓடுகிறவரின் வழியில் நின்றால் அந்தக் குற்றம் ஃபீல்டிங் அணியுடையது. மேஜர் லீக்கின் இறுதித் தொடரான உலகத் தொடரின் 2013-ஆம் ஆண்டு மூன்றாவது ஆட்டம் அப்படித்தான் முடிந்தது: தரையில் கிடந்த பாஸ்டன் ஃபீல்டரின் மேல் தடுக்கி விழுந்த செயின்ட் லூயிஸ் ரன்னர் ஆலன் கிரெய்க்குக்கு வெற்றி ஓட்டம் வழங்கப்பட்டது. இந்தப் பக்கம் பேட்டிங் அணியின் தவறுகளைப் பற்றி மட்டுமே பேசுகிறது.

வேண்டுமென்றே செய்தால்தான் குறுக்கீடா?

மிக அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இதுதான். மிக அதிகமாகத் தவறாகப் பதிலளிக்கப்படுவதும் இதுதான். பதில், அந்த நேரத்தில் பந்து எப்படிப்பட்டது என்பதைப் பொறுத்தது. பேட்டர் அடித்து வரும் பந்தை எடுக்கப் போகும் ஃபீல்டருக்கு ரன்னர் வழிவிட வேண்டும். தெரியாமல் மோதினாலும், பார்க்காமல் குறுக்கே வந்தாலும், மனத்தில் கள்ளமே இல்லாவிட்டாலும் ரன்னர் அவுட். ஆனால் ஒரு ஃபீல்டர் இன்னொரு ஃபீல்டருக்கு எறிந்த பந்து ஓடுகிறவர் மேல் பட்டால், அவர் வேண்டுமென்றே பட வைத்தாரா என்பதையே அம்பயர் பார்க்கிறார். எறியப்பட்ட பந்து முதுகில் பட்டுவிட்டது என்பதற்காக யாரும் அவுட் ஆவதில்லை.

இந்த வேறுபாட்டுக்கு விதிப் புத்தகம் காரணம் சொல்வதில்லை. என் பார்வையில் அதில் ஒரு நியாயம் இருக்கிறது. அடிக்கப்பட்ட பந்து எங்கே போகிறது என்பதை ரன்னர் தன் கண்ணால் பார்க்க முடியும். விலகிச் செல்ல அவருக்கு வாய்ப்பு உண்டு. எறியப்பட்ட பந்தோ பெரும்பாலும் பின்னாலிருந்து வருகிறது. அதைத் தவிர்க்கச் சொன்னால், தலையைத் திருப்பிக்கொண்டே ஓடச் சொல்வதாகிவிடும்.

இரண்டு ஃபீல்டர்கள் ஒரே பந்துக்கு ஓடினால் ரன்னர் யாருக்கு வழிவிட வேண்டும்?

ஒருவருக்கு மட்டுமே. அந்தப் பந்தை எடுக்கும் வாய்ப்பு யாருக்கு அதிகம் என்று அம்பயர் அந்தக் கணத்திலேயே தீர்மானிக்க வேண்டும். பாதுகாப்பு அந்த ஃபீல்டருக்கு மட்டும்தான். மற்றவர் மேல் ரன்னர் மோதினால் அது குறுக்கீடு ஆகாது. வழியில் நின்ற குற்றம் அந்த மற்றவர் மேலேயே திரும்பவும் கூடும்.

மோதல் நடந்தே தீர வேண்டும் என்பதும் இல்லை. ரன்னர் தன் எதிரே கடப்பதைப் பார்த்து ஃபீல்டர் தயங்கி நின்று, அதனால் பந்து கை நழுவிப் போனால் அதுவும் இடையூறுதான்.

ரன்னர் பேஸ் மேல் நின்றுகொண்டிருந்தால்?

பேஸைத் தொட்டுக்கொண்டிருக்கும் ரன்னர் ஃபீல்டருக்கு இடைஞ்சலாக இருந்தாலும், அது வேண்டுமென்றே செய்ததாக அம்பயர் கருதினாலொழிய அவர் அவுட் இல்லை. வேண்டுமென்றே செய்தார் என்று தீர்மானித்தால் தண்டனை கடுமையானது: இரண்டு அவுட்டுக்கு முன் என்றால் ரன்னரும் பேட்டரும் சேர்ந்து அவுட், ஏற்கெனவே இரண்டு அவுட் ஆகியிருந்தால் பேட்டர் அவுட்.

பேஸிலிருந்து இரண்டடி தள்ளி நின்றாலே கதை மாறிவிடும். 2024 மே 23 அன்று சிகாகோவில் ஒயிட் சாக்ஸ் அணிக்கும் பால்டிமோர் ஓரியோல்ஸ் அணிக்கும் நடந்த ஆட்டத்தின் கடைசி இன்னிங்ஸ் இதற்கு உதாரணம். ஒயிட் சாக்ஸ் 6–8 என்று பின்தங்கியிருந்தது, ஒரு அவுட், இரண்டு பேர் பேஸ்களில். ஆண்ட்ரூ பெனின்டெண்டி அடித்த பந்து இன்ஃபீல்டுக்கு (பேஸ்களைச் சுற்றிய உள்மைதானத்துக்கு) மேலே உயர்ந்தது. இத்தகைய எளிய கேட்சை ஃபீல்டர் வேண்டுமென்றே நழுவவிட்டு டபுள் பிளே (ஒரே அடியில் இருவரை அவுட் ஆக்குவது) எடுப்பதைத் தடுக்க, பந்து கீழே வருமுன்பே பேட்டரை அவுட் என்று அறிவிக்கும் 'இன்ஃபீல்ட் ஃப்ளை' விதி உண்டு. அதன்படி பெனின்டெண்டி அவுட். அதே நேரத்தில், இரண்டாம் பேஸிலிருந்து விலகி நின்றிருந்த ஆண்ட்ரூ வான், பந்தை நோக்கிப் போன ஷார்ட்ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு இடையே நிற்கும் ஃபீல்டர்) கன்னர் ஹெண்டர்சனின் வழியில் வந்துவிட்டதாக மூன்றாம் பேஸ் அம்பயர் ஜூனியர் வாலன்டைன் தீர்ப்பளித்தார். ஹெண்டர்சன் பந்தைச் சிரமமின்றிப் பிடித்துவிட்டார். ஆனாலும் வானும் அவுட், அதோடு மூன்று அவுட் ஆகி ஆட்டமும் முடிந்தது.

அந்தத் தீர்ப்பைப் பலர் ஏசினார்கள். பிடித்துவிட்ட பந்துக்கு இடையூறு என்ன இடையூறு என்பது அவர்கள் வாதம். ஃபீல்டர் சற்றே விலகிச் செல்ல நேர்ந்தாலும் அது இடையூறுதான் என்று விதியின் எழுத்தைக் காட்டி அம்பயருக்காகவும் வாதிடலாம். என் அபிப்பிராயம் கேட்டால், அது எழுத்துக்குள் அடங்கும், ஆனால் கொடுத்தே தீர வேண்டிய தீர்ப்பு அல்ல.

பந்து நேராக ரன்னர் மேல் பட்டால்?

பேட்டர் அடித்த ஃபேர் பந்து (இரு பக்கக் கோடுகளுக்கு உட்பட்டது), எந்த ஃபீல்டரையும் தொடாமல், ஃபேர் பகுதியில் இருக்கும் ரன்னர் மேல் பட்டால் ரன்னர் அவுட். பேட்டர் முதல் பேஸுக்குப் போகலாம். பேஸைத் தொட்டுக்கொண்டு நின்றாலும் இதிலிருந்து தப்பிக்க முடியாது என்பது பலரை வியக்கவைக்கும். இன்ஃபீல்ட் ஃப்ளை அறிவிக்கப்பட்ட பந்து, பேஸைத் தொட்டு நிற்பவர் மேல் விழுவது மட்டுமே விலக்கு. பந்து ஓர் இன்ஃபீல்டரைத் தாண்டிப் போய், அதற்குப் பின்னால் வேறெந்த இன்ஃபீல்டருக்கும் அதை எடுக்க வாய்ப்பில்லாத நிலையில் ரன்னர் மேல் பட்டால் அவர் அவுட் இல்லை.

அப்படியென்றால், டபுள் பிளே ஆகப் போகும் பந்தை ரன்னரே தொட்டுவிட்டால் அணிக்கு லாபம்தானே? இரண்டு அவுட்டுக்குப் பதில் ஒரு அவுட்டோடு போய்விடுமே?

இந்தக் கணக்கை 1957-இல் சின்சினாட்டி அணியினர் போட்டுப் பார்த்துவிட்டார்கள். ஏப்ரல் 21 அன்று மில்வாக்கி பிரேவ்ஸுக்கு எதிராக வாலி போஸ்ட் அடித்த பந்து தரையில் உருண்டு வந்தது. ஷார்ட்ஸ்டாப் ஜானி லோகன் எடுத்தால் டபுள் பிளே நிச்சயம். பேஸ்களுக்கு நடுவே ஓடிக்கொண்டிருந்த டான் ஹோக் குனிந்து, பந்தைத் தன் வெறுங்கையால் எடுத்து, லோகனிடம் நிதானமாகத் தூக்கிப் போட்டார். அன்றைய விதிப்படி ஹோக் மட்டும் அவுட். போஸ்டுக்கு முதல் பேஸ். முந்தைய நாள்தான் அதே அணியின் ஜானி டெம்பிள், உருண்டு வந்த பந்தைத் தன் மேல் படவிட்டு இதே பலனை அடைந்திருந்தார்.

மேஜர் லீக்கில் அடங்கிய இரு லீக்குகளின் தலைவர்களும் உடனே விதியைத் திருத்தினார்கள். டபுள் பிளேயைக் கெடுக்கும் நோக்கத்தோடு ரன்னர் பந்திலோ ஃபீல்டரிடமோ குறுக்கிட்டதாக அம்பயர் கருதினால், ரன்னரோடு பேட்டரும் அவுட். குறுக்கிட்டவர் பேட்டரே என்றால், அவரோடு ஹோம் பிளேட்டுக்கு (பேட்டர் ஆடும் இடம், ஓட்டம் முடிவதும் அங்கேதான்) மிக அருகில் இருக்கும் ரன்னர் அவுட். டபுள் பிளே எந்த பேஸில் நடக்கவிருந்தது என்பது அங்கே பொருட்டில்லை. இன்னொருவர் செய்த தவறுக்குத் தாம் ஏன் வெளியேற வேண்டும் என்று கேட்கும் ஆட்டக்காரருக்குச் சொல்ல வேண்டிய கதை ஹோக்கின் கதைதான்.

எறியப்பட்ட பந்தில் 'வேண்டுமென்றே' என்பதை அம்பயர் எப்படிக் கண்டுபிடிக்கிறார்?

மனத்தைப் படிக்க முடியாது; உடலைப் படிக்கலாம். ஓடும் உடலுக்கு இயல்பான ஓர் அசைவு உண்டு. கை அந்த அசைவை விட்டுத் தனியாக நீண்டால், முழங்கை விரிந்தால், இடுப்பு பந்தின் பக்கம் சாய்ந்தால் அது இயல்பல்ல. இரண்டு சம்பவங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது புரியும்.

2004 அக்டோபர் 19, நியூயார்க், அமெரிக்கன் லீக் சாம்பியன்ஷிப் தொடரின் ஆறாவது ஆட்டம். எட்டாவது இன்னிங்ஸில் பாஸ்டன் 4–2 என்று முன்னிலையில் இருந்தது. முதல் பேஸில் டெரிக் ஜீட்டர். அலெக்ஸ் ரோட்ரிகஸ் மெதுவாக உருட்டிய பந்தை பிட்சர் (பந்து வீசுபவர்) பிரான்சன் அரோயோ எடுத்து, முதல் பேஸ் கோட்டருகே ஓடிவந்த ரோட்ரிகஸைத் தொடக் கையுறையை நீட்டினார். ரோட்ரிகஸின் இடது கை மேலிருந்து கீழாக வந்து கையுறையைத் தட்டியது. பந்து வலப்பக்கக் கோட்டோரமாக ஓடியது. ஜீட்டர் ஹோம் பிளேட் வரை ஓடி வந்துவிட்டார். ரோட்ரிகஸ் இரண்டாம் பேஸில் நின்றார். முதல் பேஸ் அம்பயர் ராண்டி மார்ஷ் கோணத்தில் அந்தத் தட்டல் தெரியவில்லை. பாஸ்டன் தரப்பு முறையிட, ஆறு அம்பயர்களும் கூடிப் பேசி, ரோட்ரிகஸை அவுட் என்று அறிவித்து, ஜீட்டரின் ஓட்டத்தை ரத்து செய்து, அவரை முதல் பேஸுக்கே திருப்பி அனுப்பினார்கள். ஓடுகிறவரின் கை இயல்பாக முன்னும் பின்னும் போகும்; இந்தக் கை குறுக்கே வெட்டியது. அதைப் பார்த்தவருக்கு வேறு சான்று தேவைப்படவில்லை.

மற்றது 1978 அக்டோபர் 14, லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸுக்கும் நியூயார்க் யாங்கீஸுக்கும் இடையே உலகத் தொடரின் நான்காவது ஆட்டம். ஒரு அவுட், இரண்டாம் பேஸில் தர்மன் மன்சன், முதல் பேஸில் ரெஜி ஜாக்சன். லூ பினெல்லா அடித்த பந்தை ஷார்ட்ஸ்டாப் பில் ரசல் கைநழுவவிட்டு, மீண்டும் எடுத்து, இரண்டாம் பேஸை மிதித்து ஜாக்சனை அவுட் ஆக்கி, முதல் பேஸுக்கு எறிந்தார். ஜாக்சன் ஓடவும் இல்லை, விலகவும் இல்லை. நின்ற இடத்தில் வலது இடுப்பு லேசாக வெளியே வந்தது. பந்து அதில் பட்டுத் தெறித்தது. மன்சன் ஓட்டம் எடுத்தார். அது குறுக்கீடு என்று தீர்ப்பாகியிருந்தால் பினெல்லா அவுட், இன்னிங்ஸ் முடிவு, ஓட்டமும் இல்லை. டாட்ஜர்ஸ் மேலாளர் டாம் லசோர்டா தொண்டை கிழிய வாதிட்டும், வேண்டுமென்றே செய்ததாகத் தெரியவில்லை என்று அம்பயர்கள் விட்டுவிட்டார்கள். அந்த ஆட்டத்தை யாங்கீஸ் 4–3 என்று பத்தாவது இன்னிங்ஸில் வென்றது. கை நீண்டால் தெரிந்துவிடும். இடுப்பு அரை அடி நகர்ந்தால் யார் அறுதியிட்டுச் சொல்வது? படத்தை எத்தனை முறை ஓட்டிப் பார்த்தாலும் எனக்கு அது தற்செயலாகத் தெரிவதில்லை.

அவுட் ஆனவர் தொடர்ந்து ஓடினாலே தவறா?

இல்லை. அவுட் ஆன பிறகும் அடுத்த பேஸை நோக்கி ஓடுவதோ, பழைய பேஸுக்குத் திரும்புவதோ அந்தச் செயலினால் மட்டும் குறுக்கீடு ஆகாது என்று விதிப் புத்தகத்தின் விளக்கக் குறிப்பே சொல்கிறது. முழு வேகத்தில் வருகிறவர் காற்றில் மறைந்துவிட முடியாது. அதற்கு மேல் கூடுதலாக ஏதாவது செய்து, இன்னொரு ரன்னரை அவுட் ஆக்கும் முயற்சியைக் கெடுத்தால், ஏற்கெனவே அவுட் ஆனவரை மறுபடி அவுட் ஆக்க முடியாததால், எந்த ரன்னரை நோக்கி அந்த முயற்சி நடந்ததோ அவர் அவுட். ஓட்டம் எடுத்து முடித்தவர் ஹோம் பிளேட்டைச் சுற்றி நின்று அடுத்த முயற்சிக்கு இடைஞ்சல் செய்தாலும் இதே கதிதான்.

முதல் பேஸுக்கு ஓடும்போது கோட்டுக்கு எந்தப் பக்கம் ஓட வேண்டும்?

ஹோம் பிளேட்டிலிருந்து முதல் பேஸ் 90 அடி. அதில் பின்பாதியான 45 அடிக்கு, கோட்டின் வலப்பக்கம் மூன்றடி அகலத்தில் ஓர் ஓட்டப்பாதை வரையப்பட்டிருக்கும். அதற்கு வெளியே ஓடி, முதல் பேஸில் எறியைப் பிடிக்க நிற்பவருக்கு இடையூறு செய்தால் பேட்டர் அவுட். வெளியே ஓடுவது தனியாகக் குற்றமல்ல. இடையூறும் சேர வேண்டும். இங்கே நோக்கம் பார்க்கப்படுவதில்லை என்பதால், எறியப்பட்ட பந்தைப் பற்றி மேலே சொன்ன பொதுவிதிக்கு இது ஒரு விலக்கு.

இந்த விதியின் பழைய குறை என்னவென்றால், முதல் பேஸ் கோட்டின் இடப்பக்கம் இருக்கிறது, பாதையோ வலப்பக்கம். ஒழுங்காகப் பாதையில் ஓடியவரும் கடைசி அடியில் இடப்பக்கம் வந்தே ஆக வேண்டும். 2019 அக்டோபர் 29 அன்று ஹூஸ்டனில் நடந்த உலகத் தொடர் ஆறாவது ஆட்டத்தில் அந்தக் குறை உலகுக்கே தெரிந்தது. ஏழாவது இன்னிங்ஸில் வாஷிங்டனின் ட்ரே டர்னர் அடித்த பந்தை பிட்சர் பிராட் பீகாக் எடுத்து எறிந்தார். எறி டர்னர் மேல் பட்டு விலகியது. டர்னர் தொடக்கம் முதலே கோட்டின் இடப்பக்கம் ஓடியிருந்தார். ஹோம் பிளேட் அம்பயர் சாம் ஹோல்புரூக் அவரை அவுட் என்று அறிவித்தார். மூன்றாம் பேஸ் வரை போயிருந்த யான் கோம்ஸ் முதல் பேஸுக்குத் திரும்பினார். அதே இன்னிங்ஸில் ஆன்டனி ரெண்டன் ஹோம் ரன் அடித்ததால் ஆட்டம் வாஷிங்டனின் கையை விட்டுப் போகவில்லை; 7–2 என்று வென்றார்கள். ஆனால் மேலாளர் டேவ் மார்ட்டினெஸ் ஆவேசம் அடங்காமல், இன்னிங்ஸ் இடைவேளையிலும் வாதிட்டு வெளியேற்றப்பட்டார்.

ஹோல்புரூக் அன்று விதியைச் சரியாகவே பயன்படுத்தினார், சரியில்லாதது விதி. 2024 முதல், கோட்டுக்கும் புல்தரைக்கும் இடையிலுள்ள மண் பகுதியும் பாதையோடு சேர்க்கப்பட்டது. இப்போது மண்ணில் ஓடலாம். புல்லில் கால் வைத்து ஓடி இடையூறு செய்தால்தான் சிக்கல்.

பேட்டர் பிளேட் அருகே நிற்கும்போது கேட்சருக்கு இடையூறு செய்தால்?

ரன்னர் அடுத்த பேஸைத் திருட (பேட்டர் அடிக்கும் முன்பே அங்கே போய்ச் சேர) ஓடும்போது, பிளேட்டுக்குப் பின்னால் இருக்கும் கேட்சர் எறிய எழுகிறார். பேட்டர் தன் கட்டத்தை விட்டு வெளியே காலடி எடுத்து வைத்தோ, வேறு அசைவினாலோ அந்த எறியைக் கெடுத்தால் பேட்டர் அவுட். ரன்னர் பழைய பேஸுக்கே திரும்ப வேண்டும். இங்கே அம்பயர் உடனே ஆட்டத்தை நிறுத்துவதில்லை. பேட்டரைச் சுட்டிக் காட்டிக் குறுக்கீடு என்று சொல்லிவிட்டு, எறி என்ன ஆகிறது என்று ஒரு கணம் பொறுக்கிறார். எறி வெற்றி பெற்று ரன்னர் அவுட் ஆனால் குறுக்கீடே நடக்காதது போல ஆட்டம் தொடரும், பேட்டர் தொடர்ந்து ஆடலாம். எறி பலிக்காவிட்டால்தான் தண்டனை.

பேட்டர் மூன்றாம் ஸ்ட்ரைக்கில் ஏற்கெனவே அவுட் ஆகிவிட்ட நிலையில் கேட்சரின் எறியைக் கெடுத்தால், திருட ஓடிய ரன்னர் அவுட். ஹோம் பிளேட்டை நோக்கி மூன்றாம் பேஸிலிருந்து ஒருவர் ஓடி வரும்போது பேட்டர் இடையூறு செய்தால், இரண்டு அவுட்டுக்கு முன் என்றால் ஓடி வந்தவர் அவுட். இரண்டு அவுட் ஆகியிருந்தால் பேட்டர் அவுட், ஓட்டம் கணக்கில் வராது.

மட்டையை முழுச் சுற்றுச் சுற்றி, அது தெரியாமல் பின்னால் இருக்கும் கேட்சர் மேலோ பந்தின் மேலோ பட்டால் அது குறுக்கீடு அல்ல, ஸ்ட்ரைக் மட்டுமே. ஆனால் பந்து செத்த பந்து. ரன்னர்கள் முன்னேற முடியாது.

பேட்டரும் கேட்சரும் மோதிக்கொண்டால் எப்போதும் பேட்டர் மேல்தான் தவறா?

1975 உலகத் தொடரின் மூன்றாவது ஆட்டத்திலிருந்து இந்தக் கேள்வி ஓயவில்லை. பத்தாவது இன்னிங்ஸ், 5–5. முதல் பேஸில் சின்சினாட்டியின் சீசர் ஜெரோனிமோ. எட் ஆம்பிரிஸ்டர் பண்ட் செய்த (மட்டையை வீசாமல் மெல்லத் தட்டிய) பந்து பிளேட்டுக்கு முன்னாலேயே எகிறியது. ஓடத் தொடங்கிய ஆம்பிரிஸ்டர் ஒரு கணம் தயங்க, பந்தை எடுக்கப் பாய்ந்த பாஸ்டன் கேட்சர் கார்ல்டன் ஃபிஸ்க் அவர் மேல் மோதினார். ஃபிஸ்க் பந்தை எடுத்து இரண்டாம் பேஸுக்கு எறிந்தது தலைக்கு மேலே பறந்து வெளிமைதானத்துக்குப் போனது. ஹோம் பிளேட் அம்பயர் லாரி பார்னெட் குறுக்கீடு அறிவிக்கவில்லை. சில நிமிடங்களில் ஜோ மார்கனின் அடியில் சின்சினாட்டி 6–5 என்று வென்றது.

பாஸ்டன் ரசிகர்கள் பார்னெட்டை மன்னிக்கவே இல்லை. ஆனால் விதிப் புத்தகத்தின் விளக்கக் குறிப்பு அவர் பக்கம்தான் நிற்கிறது: முதல் பேஸுக்குப் புறப்படும் பேட்டரும் பந்தை எடுக்கப் போகும் கேட்சரும் மோதிக்கொண்டால் பொதுவாக இருவர் மேலும் தவறில்லை. ஒருவர் தம் கடமையாக ஓட வேண்டும், மற்றவர் தம் கடமையாகப் பந்தை எடுக்க வேண்டும். இருவரும் ஒரே சதுர அடியிலிருந்து புறப்படுகிறார்கள். வேண்டுமென்றே மறித்தது வெளிப்படையாகத் தெரிந்தால் மட்டுமே அம்பயர் தலையிடுவார்.

இரண்டாம் பேஸில் சறுக்கி ஃபீல்டரின் காலை வாரிவிடுவது அனுமதிக்கப்பட்டதா?

பல பத்தாண்டுகள் அது வீரமாகவே கருதப்பட்டது. 2015 அக்டோபரில், டாட்ஜர்ஸின் சேஸ் அட்லி தாமதமாகச் சறுக்கி மோதியதில் மெட்ஸ் அணியின் ரூபன் டெஹாடாவின் கால் எலும்பு முறிந்தது. 2016-இல் புதிய விதி வந்தது. சறுக்குகிறவர் பேஸை அடையுமுன்பே தரையில் உடலைப் படவிட வேண்டும். கையாலோ காலாலோ பேஸைத் தொட முயல வேண்டும். சறுக்கல் முடிந்ததும் பேஸிலேயே இருக்க முயல வேண்டும். ஃபீல்டர் மேல் மோதுவதற்காகத் தடம் மாறக் கூடாது. இவற்றை மீறி டபுள் பிளேயைக் கெடுத்தால் அவரும் பேட்டரும் அவுட்.

அந்த ஆண்டு ஏப்ரல் 5 அன்றே இந்த விதி ஓர் ஆட்டத்தை முடித்துவைத்தது. டம்பா பே அணிக்கு எதிராக டொராண்டோ கடைசி இன்னிங்ஸில் முன்னிலை பெற்றுவிட்டதாகத் தோன்றியபோது, ஹோசே பட்டிஸ்டா சறுக்கிய வேகத்தில் ஃபீல்டர் லோகன் ஃபோர்சைத்தின் காலைக் கையால் பிடித்தது மறுபார்வையில் தெரிந்தது. இரண்டு அவுட், ஓட்டங்கள் ரத்து, 3–2 என்று டம்பா பே வெற்றி.

பயிற்சியாளர்கள், டக்அவுட்டில் இருப்பவர்கள், மட்டை எடுத்துத் தரும் பையன்கள்?

பேஸ் அருகே நிற்கும் பயிற்சியாளர் ரன்னரைக் கையால் பிடித்துத் தள்ளியோ இழுத்தோ உதவினால் ரன்னர் அவுட். கையைத் தட்டிப் பாராட்டுவதை யாரும் இதில் சேர்ப்பதில்லை. எறியப்பட்ட பந்து தற்செயலாகப் பயிற்சியாளர் மேல் பட்டால் ஆட்டம் தொடரும். அவரே குறுக்கிட்டால் ரன்னர் அவுட்.

டக்அவுட்டில் இருப்பவர்களும், அடுத்து ஆடக் காத்திருப்பவரும் ஃபீல்டருக்கு இடம் தேவைப்படும்போது விலக வேண்டும். விலகாமல், அடித்த பந்தை எடுப்பதற்கு இடையூறு செய்தால் பேட்டர் அவுட். எறிந்த பந்து என்றால், எந்த ரன்னரை நோக்கி முயற்சி நடந்ததோ அவர் அவுட். மட்டைப் பையன் மட்டும் வேறு கணக்கு: பந்தைத் தவிர்க்கப் பார்த்தும் அது அவன் மேல் பட்டுவிட்டால் ஆட்டம் தொடரும், அவன் குனிந்து எடுத்தாலோ உதைத்தாலோ அந்தக் கணமே பந்து செத்துவிடும்.

உடைந்த மட்டை, கழன்று விழுந்த ஹெல்மெட்?

மட்டை உடைந்து அதன் துண்டு பந்திலோ ஃபீல்டர் மேலோ பட்டால் ஒன்றுமில்லை. முழு மட்டையும் கைநழுவி ஃபேர் பகுதிக்குப் பறந்து ஃபீல்டருக்கு இடையூறு செய்தால், தெரிந்தோ தெரியாமலோ, அது குறுக்கீடு. ஹெல்மெட் தானாக விழுந்தால் பரவாயில்லை. பந்தைக் குறிவைத்து எறிந்ததாகத் தெரிந்தால் அவுட்.

குறுக்கீடு அறிவித்தபின் மற்ற ரன்னர்கள் எங்கே நிற்க வேண்டும்?

பொதுவாக, குறுக்கீடு நடந்த கணத்தில் கடைசியாக முறைப்படி தொட்ட பேஸுக்கு. ஆனால் குறுக்கீட்டின்போது பேட்டர் இன்னும் முதல் பேஸை அடைந்திருக்காவிட்டால், எல்லோரும் பிட்சர் பந்து வீசியபோது இருந்த பேஸுக்கே திரும்ப வேண்டும். 2004-இல் ஜீட்டரும் 2019-இல் கோம்ஸும் முதல் பேஸுக்குத் திரும்ப நேர்ந்தது இதனால்தான். இரண்டு அவுட்டுக்கு முன், முதலில் ஹோம் பிளேட்டில் ஒரு முயற்சி நடந்து ரன்னர் ஓட்டம் எடுத்துவிட்டு, அதன் பிறகே பேட்டர் ஓட்டப்பாதை விதியில் அவுட் ஆனால் அந்த ஓட்டம் நிற்கும்.

வீடியோ மறுபார்வையில் குறுக்கீட்டை மாற்ற முடியுமா?

சறுக்கல் விதியையும், ஹோம் பிளேட்டில் ரன்னரும் கேட்சரும் மோதுவது பற்றிய விதியையும் மறுபார்வைக்கு அனுப்பலாம். மற்றவை பெரும்பாலும் அம்பயரின் கணிப்புக்கே விடப்பட்டவை. 2019-இல் பல நிமிடங்கள் தாமதம் ஆனதைப் பார்த்து, படம் பார்த்துத் தீர்ப்பை மாற்றப்போகிறார்கள் என்று பலர் எதிர்பார்த்தார்கள். அங்கே நடந்தது விதியைச் சரிபார்க்கும் உரையாடல் மட்டுமே. படம் இல்லாத இடத்தில் அம்பயர்களின் கூடிப் பேசலே மறுபார்வை. 2004-இன் அதே ஆட்டத்தில், டபுள் என்று முதலில் அறிவிக்கப்பட்ட மார்க் பெல்ஹார்னின் அடி மூன்று ஓட்ட ஹோம் ரன் என்று திருத்தப்பட்டதும் அப்படித்தான்.

ரன்னர் கத்தினால் அது குறுக்கீடா?

"குழப்பினால்" என்ற சொல் விதியில் இருக்கிறது. ஆகவே குரலும் குறுக்கீடு ஆகலாம். 2007 மே 30 அன்று டொராண்டோவில், ஹோர்ஹே பொசாடா உயரே அடித்த பந்தை மூன்றாம் பேஸ்மேன் ஹோவி கிளார்க் பிடிக்கத் தயாராக நின்றபோது, அவரைக் கடந்து ஓடிய அலெக்ஸ் ரோட்ரிகஸ் ஏதோ கத்தினார். தன் அணியின் ஷார்ட்ஸ்டாப் "எனக்கு" என்று கூவியதாக நினைத்து கிளார்க் விலக, பந்து தரையில் விழுந்தது. என்ன கத்தினார் என்பதில் இருதரப்பும் ஒத்துப்போகவில்லை. தாம் "ஹா" என்றதாக ரோட்ரிகஸ் சொன்னார். அம்பயர்கள் குறுக்கீடு அறிவிக்கவில்லை. யாங்கீஸ் 10–5 என்று வென்றது. மூன்று ஆண்டுகளுக்கு முன் கையால் தட்டியபோது ஆறு பேர் கூடி அவரை அவுட் ஆக்கினார்கள். வாயால் செய்தபோது ஒருவரும் கை உயர்த்தவில்லை.